பாதி ஆட்டத்தில் ஒரு நாடகம்

மலேசியாவின் பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பஞ்சாலை என்ற பெண் மருந்தடிப்பவள். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மரத்தடிப் புல்லுக்குக் களைக்கொல்லி தெளிக்கும் வேலை. கணவன் ஆறுமுகம் அதே தோட்டத்தில் மண்டோர். விடியற்காலைப் பெரட்டில் ஆள்களை நிறுத்தி, யார் எந்த நிரைக்குப் போவது என்று பிரித்து அனுப்புபவன் அவன்தான். வீட்டிலும் வேலையிலும் அவன் சொல்லைக் கேட்டே அவளுக்குப் பழகியிருந்தது.

எலெய்ன் வந்த பிறகுதான் அவள் கைக்குப் பந்து வந்தது. எலெய்ன் செனாவாங் நகரத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள். பள்ளிக் காலத்தில் மாநிலக் கால்பந்து அணிக்கு ஆடியவள், தேவாலய இளையோர் குழுவில் நாடகமும் போட்டவள். விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிளில் வந்து தோட்டத்துப் பெண்களைத் திடலில் கூட்டுவாள். முதலில் ஆடவிடுவாள். களைத்து உட்கார்ந்ததும், அந்த வாரம் மனத்தில் உறுத்தியதை நடித்துக் காட்டச் சொல்வாள். வாய் திறந்து சொல்லப் பயந்தவர்கள்கூட நடித்துக் காட்டினார்கள். பஞ்சாலை கோல் காப்பாள். நடிப்பு தொடங்கினால் ஓரமாகப் போய் நின்றுகொள்வாள்.

கூட மருந்தடிக்கும் திலகத்தின் கண் போனது அந்த வருடம்தான். பம்பின் ரப்பர் குழாய் பிய்ந்திருப்பதைத் திலகம் பெரட்டிலேயே சொன்னாள். ஸ்டோரில் வேறு குழாய் இல்லை, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லை. இன்றைக்கு மட்டும் சமாளிக்கச் சொல்லி ஆறுமுகம் அனுப்பிவிட்டான். நிரை பாதி தாண்டுவதற்குள் குழாய் தெறித்து மருந்து முகத்தில் அடித்தது. பக்கத்து நிரையிலிருந்து ஓடிவந்த பஞ்சாலை, குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் முழுவதையும் அவள் முகத்தில் ஊற்றினாள். வலது கண்ணில் பார்வை திரும்பவே இல்லை. நிர்வாகம் நடத்திய விசாரணையில், குழாயைப் பற்றித் திலகம் யாரிடமும் சொல்லவில்லை என்றான் ஆறுமுகம். அதைக் கேட்டதிலிருந்து பஞ்சாலைக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்ட விளையாட்டு நாள் நெருங்கியது. அதே தோட்டத்தின் மேல் பிரிவுப் பெண்களோடு பந்தாட்டம். பாதி ஆட்டத்து இடைவேளையில், திடலிலேயே, திலகத்துக்கு நடந்ததை நாடகமாகப் போடலாம் என்றாள் எலெய்ன். மண்டோர் வேடத்துக்கு யாரும் முன்வரவில்லை. ஓரமாக நின்ற பஞ்சாலை, தானே போடுவதாகச் சொன்னாள்.

"அக்கா, யோசிச்சுக்குங்க. அவரு உங்க வீட்டுக்காரரு," என்றாள் எலெய்ன்.

"அதனாலதான் சொல்றேன். வேற யாரு போட்டாலும் கிண்டலாப் போயிரும்."

எப்படியோ ஆறுமுகத்தின் காதுக்கு விஷயம் போய்விட்டது. ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தொடவில்லை.

"நாளைக்கு நீ அத நடிச்சா என் வேல போயிரும்லா. வேல போனா தோட்டம் குடுத்த இந்த வீடும் போயிரும்."

"திலகத்துக்குக் கண்ணு போச்சு."

"நானா ஊத்துனேன்?"

"இல்ல. ஆனா பொய் சொன்னீங்க."

அவன் எழுந்து வெளியே போனான். இரவு முழுவதும் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

மறுநாள் திடலில் கூட்டம் நெருக்கியடித்தது. மேனேஜர் ஹேமநாதன் கூடாரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வருடமும் போல ஆறுமுகம்தான் நடுவர். விசிலும் கையுமாக ஓடிய அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில், தடுத்திருக்க வேண்டிய ஒரு பந்தைப் பஞ்சாலை விட்டுவிட்டாள்.

இடைவேளை விசில் அடித்தது. பெண்கள் வெளியேறாமல் திடலின் நடுவே வட்டமாக உட்கார்ந்தார்கள். பஞ்சாலை ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, வயிற்றைத் தள்ளி நடந்து வந்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆறுமுகம் கோட்டோரமாக அசையாமல் நின்றான்.

தொழிலாளியாக நடித்த மயூரி, குழாய் பிய்ந்திருக்கிறது என்றாள். இன்றைக்கு மட்டும் சமாளி என்று பஞ்சாலை சொல்ல வேண்டும். கணவன் பேசும் அதே தோரணையில் சொன்னாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அடுத்து நடந்ததை யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு திலகமே உள்ளே வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பஞ்சாலையின் முன்னால் நின்றாள்.

"குழா பிஞ்சிருக்குன்னு நான் பெரட்டுல சொன்னேனா, இல்லியா?"

நாடகப்படி, சொல்லவில்லை என்று பஞ்சாலை பொய் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு கூட்டமும் திரும்பியது.

மேனேஜர் எழுந்து, ஆட்டத்தை இத்தோடு நிறுத்தச் சொல்லி ஆறுமுகத்துக்குக் கை காட்டினார். ஆறுமுகம் விசிலை வாயில் வைத்தபடி நடுத்திடலுக்கு நடந்தான். பெண்கள் எழுந்து திலகத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். எலெய்ன் குறுக்கே வந்து நின்றாள். அவன் கை ஓங்குவான் என்றுதான் பஞ்சாலை நினைத்தாள். தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"நீ சொன்ன, திலகம். நான்தான் அனுப்புனேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் திடல் இருந்த அமைதியில் கூடாரம் வரைக்கும் கேட்டது. விசிலை எலெய்ன் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துப் பக்கம் நடந்தான். சிறிது நேரத்தில் மேனேஜரின் காரும் கிளம்பியது. மீதி ஆட்டத்துக்கு எலெய்ன் விசில் ஊதினாள். பஞ்சாலையின் அணி தோற்றது.

தொழிலாளர் இலாகா அதிகாரிகள் வந்தபோது ஆறுமுகம் அதையே மறுபடியும் சொன்னான். மண்டோர் வேலை பறிபோனது. மேல் பிரிவில் லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் வேலைக்குத் தள்ளினார்கள். வீடு மட்டும் தப்பியது. ஸ்டோருக்குப் புதுக் குழாய்களும் கண்ணாடிகளும் வந்தன. திலகத்தின் நஷ்டஈட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு விசாரணைக்கும் ஆறுமுகம் அரை நாள் விடுப்பெடுத்துப் போய்வருகிறான். அந்த மழைக்காலம் முழுவதும் அவன் பஞ்சாலையோடு பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. பிறகு வேலைக் களைப்பு, முதுகுவலி என்று ஒன்றிரண்டு பேச்சு வந்தது.

சென்ற மாதம் புக்கிட் பெலண்டோக் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெண்கள் அவர்களை ஆட அழைத்திருந்தார்கள். வாசலில் காவலாளி வேனை உள்ளே விடவில்லை. மேலிடத்து உத்தரவு என்றான். எலெய்ன் வாதாடிப் பார்த்தாள். கடைசியில் சாலையோரப் புல்வெளியில் செருப்புகளை வைத்துக் கோல் கட்டினார்கள். உள்ளேயிருந்து ஏழெட்டுப் பேர்தான் துணிந்து வந்தார்கள். காவலாளி கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே இருந்தான். பாதி ஆட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும், அங்கே என்ன குறை என்று பஞ்சாலை கேட்டாள். பெண்கள் காவலாளியின் கைப்பேசியைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி காவலாளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, லயத்துக் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.