சுத்த சைவ வீட்டு முட்டை ஓடு

இன்று காலை என் சிவப்புக் கோழி, தான் இட்ட முட்டையைத் தானே கொத்திக் குடித்துக்கொண்டிருந்தது.

கோழிக்கு முட்டை ஓடு சத்துதான். ஆனால் காயவைத்துப் பொடித்துத்தான் போட வேண்டும். உடைத்த ஓட்டை அப்படியே போட்டால் ருசி கண்டுவிடும். அப்புறம் கூண்டில் ஒரு முட்டைகூட மிஞ்சாது.

நான் பொடித்துத்தான் போடுகிறேன். அப்படியே எறிவது பக்கத்து வீட்டம்மா. கிரிவலம் வருகிறவர்களுக்கு ரூம் விடுகிறார். வாசலில் ‘சுத்த சைவம், முட்டைக்கும் அனுமதி இல்லை’ என்று போர்டு. தன் குப்பைக்கூடையில் ஓடு தெரியக் கூடாதென்று மதில் தாண்டி என் கோழிகளிடம் வீசுகிறார். இன்று கண்ணாலேயே பார்த்தேன்.

ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

“எங்க வீட்டுக்குள்ள முட்டையே வராதுங்க. உங்க கோழி போட்டதா இருக்கும்.”

“என்னுது நாட்டுக்கோழிங்க. இவ்ளோ வெள்ளையா போடாது. இது கடை முட்டை.”

“மெதுவா பேசுங்க, ரூம்ல ஆளுங்க இருக்காங்க.”

அவ்வளவுதான் பதில். கதவைச் சாத்தும்போது, “கோழி நாத்தம் ஜாஸ்தியா இருக்கு, பார்த்துக்கோங்க” என்று புகார் வேறு.

பார்த்துக்கொள்கிறேன். அவர் வீசிய ஓடுகளையெல்லாம் பொறுக்கி வெயிலில் வைத்திருக்கிறேன். பௌர்ணமிக்குள் நைசாக அரைத்துவிடலாம். அன்று விடியற்காலை அவர் வாசலில், அந்த போர்டுக்கு நேர் கீழே, அந்த ஓட்டுப் பொடியிலேயே கோலம் போட்டுக் கொடுக்கப்போகிறேன்.

எத்தனை புள்ளி வைக்கலாம், சொல்லுங்கள்.