அணுவும் அத்தையும்

அணுசக்தியின் நன்மைகளைப் பினாங்குத் தமிழர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை, யாரும் கொடுக்காமலே என் சித்தப்பா ஏற்றுக்கொண்டிருந்தார். இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். ஜார்ஜ்டவுனில் எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் போவார். எண்ணெய் தீர்ந்துபோகும் காலத்தில் நம் வீட்டு விளக்கை அணுதான் எரிய வைக்கும் என்பார். கூட்டம் கை தட்டும். முதலில் தட்டுவது முன்வரிசையில் இருக்கும் அத்தை. சித்தப்பாவைத் தூக்கி வளர்த்த அக்கா. பேச்சில் ஒரு வரிகூட அவருக்குப் புரிந்திருக்காது.

ரஷ்யாவில் அணு உலை வெடித்த செய்தி வந்ததும் எல்லாம் மாறிப்போனது. எங்கள் தெருக் கடைக்காரர் ஐரோப்பியப் பால்மாவை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார். மழையில் நனைய அம்மா எங்களை விடவில்லை. சங்கங்கள் சித்தப்பாவை மறந்தன. கடைசியாகக் கூப்பிட்ட கூட்டத்தில், உங்கள் பிள்ளைகளை அதன் பக்கத்தில் குடிவைப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். சித்தப்பா பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதி நாற்காலிகள் காலி.

அந்தச் சமயத்தில்தான் அத்தையின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை முடிந்தது. இனிக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், வைத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். போக வேண்டிய காலையில் அத்தை புதுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். கார் வாசலில் நின்றது. திரும்பும்போது ஐஸ் போட்ட செண்டோல் இனிப்பு வாங்கித் தருவார்கள் என்று நான் முந்திக்கொண்டு காரில் ஏறி, இறங்கி, மறுபடி உள்ளே ஓடி வந்தேன். அத்தை எழவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“தம்பி, ரஷ்யாவில வெடிச்சதும் எனக்கு வைக்கப் போறதும் ஒண்ணாடா?”

இல்லை என்று சொல்லும்படி அப்பா கண் காட்டினார். சித்தப்பாவுக்குப் பொய் வராது.

“ரெண்டும் ஒரே குடும்பம்தான்க்கா. ஆனா இது அளந்து குடுக்கிறது...”

‘ஆனா’வுக்குப் பிறகு அத்தை எதையும் கேட்கவில்லை. சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றத் தொடங்கினார். சித்தப்பா தரையில் உட்கார்ந்து மத்தியானம்வரை விளக்கினார். கோபப்பட்டார். பிறகு அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

“நீ பேசினதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு லா. வெளியாளுங்களுக்குச் சொல்லு,” என்றார் அத்தை.

மறு ஆண்டு அத்தை இறந்துபோனார். பத்து லஞ்சாங் என்ற ஊரின் சுடலையிலிருந்து திரும்பிய சித்தப்பா, ஈரத்தலையைத் துவட்டாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

“இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

பொய் சொன்னால் உள்ளங்கையில் அடி விழும் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவள் நான்.

“நீங்க உண்மையைத்தானே சொன்னீங்க சித்தப்பா” என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவர் ஒருவருக்கு ஆறுதல் சொல்லிவிட்ட பெருமையோடு நான் விளையாடப் போனேன்.