வெயிட் தூக்கக் கூடாது

எங்கள் வீட்டில் தக்காளிப் பையை நான் தூக்கினால்கூட என் கணவர் ஓடி வந்து பிடுங்கிக்கொள்வார். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்த நாளிலிருந்து அப்படித்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "வெயிட் தூக்கக் கூடாது" என்றார். அதை இவர் சட்டமாகவே பிடித்துக்கொண்டார். தண்ணீர் கேன், அரிசி மூட்டை எல்லாம் போக, இட்லிப் பாத்திரத்தைக்கூட அவரே அடுப்பிலிருந்து இறக்கி வைப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கண்வைக்கும் அளவுக்கு என்னைத் தாங்கினார். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

தர்மபுரியில் எங்களுக்குப் புளி மண்டி. முன்னால் மண்டி, பின்னால் வீடு. சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் வருகிற புளியை நாள் முழுக்க யாராவது தூக்குவார்கள், இறக்குவார்கள், நிறுப்பார்கள். அத்தனை பேர் தூக்குகிற இடத்தில் நான் மட்டும் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பதைத் தொட்டபோது ராணியால் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. முதலில் சுவரைப் பிடித்தேன், பிறகு கட்டிலை, பிறகு அவர் கையை. தொழுகையில் சஜ்தாவுக்குப் போய் நெற்றியைத் தரையில் வைத்தால் அப்படியே மாட்டிக்கொண்டேன். தொழுகைக்கு நடுவில் யாரைக் கூப்பிடுவது? கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்தபடி குனிந்து தொழுதேன்.

முடியாதவர்கள் அப்படித் தொழலாம், அதில் குறை எதுவும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் மனம் ஆறவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் நெற்றி தரையில் பட்டிருக்கும்போது கேட்டே பழகியவள் நான். மகளைக் கேட்டு வாங்கியதும் அப்படித்தான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் ஏதோ ஆபீசில் மனு கொடுக்கிற மாதிரி இருந்தது.

மூட்டு தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு பிசியோதெரபி பெண்ணிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். முழங்காலை மடக்கிப் பார்த்தாள், எக்ஸ்ரேயைப் பார்த்தாள், தொடையை அழுத்திப் பார்த்தாள்.

"முட்டி பரவால்லைங்கம்மா. தொடையிலதான் சுத்தமா பலமில்ல. வூட்டுல எதுவும் தூக்க மாட்டீங்களா?"

"டாக்டரம்மா தூக்கக் கூடாதுன்னாங்க. கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சுங்க."

"எப்பங்க?"

"எம்பொண்ணு எட்டாவது படிக்கறப்ப."

"இப்ப அவங்க என்ன பண்றாங்க?"

"பெங்களூர்ல இருக்கா. அவ பையனே ஸ்கூலுக்குப் போறான்."

அவள் அடக்கிப் பார்த்தாள், முடியாமல் சிரித்துவிட்டாள். "அது ரெண்டு மூணு மாசத்துக்குச் சொன்னதுங்கம்மா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இந்த வயதில் தசை தானாகவே குறையும், வேலை கொடுத்தால்தான் நிற்கும், நடந்தால் மட்டும் போதாது, எலும்பு உறுதியாக இருக்கவும் பாரம் தூக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். எப்போது ஆரம்பித்தாலும் பலம் ஏறும் என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்னபடி டாக்டரம்மாவையும் போய்க் கேட்டேன். தாராளமாகத் தூக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் முகம் வெளிறிவிட்டது.

"கர்ப்பப்பை எறங்கிடும்மா."

"இல்லாதது எப்படிங்க எறங்கும்?"

ஏதோ முணுமுணுத்தபடி மண்டிப் பக்கம் போய்விட்டார்.

மண்டிக்கு எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு இரும்பு எடைக்கற்கள் மூலையில் கிடந்தன. பிசுபிசுவென்று ஒட்டியிருந்த புளியைக் கழுவித் துடைத்து, கைக்கு ஒன்றாக ஒரு கிலோ கல்லில் ஆரம்பித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, பிறகு கல்லைப் பிடித்துக்கொண்டு எழுவது. இரண்டு கிலோ ஆயிற்று. ஐந்து கிலோவுக்குப் போகலாம் என்றபோது அந்தக் கல்லைக் காணோம். தேடினால் புளி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. ஒளித்துவைத்தது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை.

"சின்னப் பிள்ளையாங்க நீங்க?" என்று கத்தினேன்.

அவர் சத்தம் போடவில்லை. "அன்னிக்கு ரத்தம் ஏத்தறப்ப நீ கெடந்த கெடப்பு உனக்குத் தெரியாது. நாந்தான பாத்தேன்" என்றார்.

இத்தனை வருடமும் அந்தப் பயத்தைத்தான் அவர் சுமந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் என்னை விட அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

நடுவில் அவசரப்பட்டு ஒருநாள் சஜ்தா செய்து பார்த்தேன். போனேன், எழ முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். பிசியோதெரபி பெண்ணோ, "பாதி தூரம் வந்துட்டீங்க, இன்னும் கொஞ்சம்" என்று பயிற்சிக்கு இருந்த நாற்காலியை எடுத்துவிட்டுக் குட்டை ஸ்டூலைப் போட்டாள், பிறகு அதைவிடத் தாழ்வான மணையை. இதற்குள் இட்லிப் பாத்திரம் என் கைக்கு வந்திருந்தது. உயரமான பஸ் படியில் கண்டக்டர் கையை எதிர்பார்க்காமல் ஏறினேன். படுத்தால் தூக்கம் நன்றாக வந்தது. இந்த வயதுக்கே வரும் சிடுசிடுப்பு மட்டும் குறையவில்லை, அதற்குக் கல் இல்லை போலிருக்கிறது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போக முடியாமல் இவர் வீட்டிலேயே தொழுதார். அவர் முன்னால் நின்றார், நான் பின்னால். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை ஏற்கெனவே அடுத்த அறையில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

நெற்றி தரையில் பட்டது. கேட்க வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னதும் தொடையில் பலத்தைக் கொடுத்தேன். எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த சுற்று ரக்அத்திலும் எழுந்தேன், அதற்கடுத்ததிலும்.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் இவர் சட்டென்று திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"நாற்காலிச் சத்தமே கேக்கலியேம்மா. உனக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கவும் முடியல."

"எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து நின்று காட்டினேன். அவரும் எழப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலேயே கால் மரத்துப்போய், ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு தடுமாறினார். நான் என் கையை நீட்டினேன்.

அவர் தயங்கினார். "பாத்து தூக்கும்மா, நான் எம்பது கிலோ."

"தெரியுங்க. புடிங்க."