மேல் தட்டுக்குப் போன கோழி

என் மாமாவுக்குக் கம்பெனியின் ஆயுத பூஜைக் குலுக்கலில் ஓவன் விழுந்த வருடம் நான் நான்காம் வகுப்பு. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், பெயின்ட் அடித்த பாகங்களைச் சூட்டில் காயவைக்கும் பிரிவில் வேலை. மண்ணூரில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். தாயில்லாத அவரை வளர்த்தது அம்மாதான். அதனால் அம்மா அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். அவர் மட்டும் எதிர்த்து ஒரு சொல் பேசமாட்டார்.

பெட்டியைப் பிரிக்காமலேயே மாதக்கணக்கில் வைத்திருந்தவர், என் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீனும் தோலோடு கோழிக்காலும் வாங்கிவந்தார். அப்பாவுக்கு அன்று காலை ஷிப்ட்.

சமையல் தொடங்குவதற்கு முன்பே சட்டங்கள் தொடங்கிவிட்டன. ஓவனைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்தார். பக்கத்தில் தொங்கிய துணியையும் காலண்டரையும் கழற்றினார். மீனை ஈரம் போகத் துணியால் ஒற்றினார். கம்பித் தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டை வைத்து, சொட்டும் கொழுப்பு பற்றிக்கொள்ளாமலிருக்க அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

"எரியறப்போ ஒருத்தர் எதிர்லயே நிக்கணும்க்கா. அப்டியே வுட்டுட்டுப் போவக்கூடாது."

"ஒரு மீன் சுடறதுக்கு இவ்ளோ சட்டமாடா?" என்று அம்மா சிரித்தாள்.

மேல் கம்பி சிவந்து, அதன் கீழே மீன் தோல் பொரிந்து வந்தது. அப்படி ஒரு மீனை நாங்கள் சாப்பிட்டதே இல்லை. இரண்டாவது துண்டை அம்மாவே எடுத்தாள்.

ஓவன் ஆறியதும் கோழியை நடுத் தட்டில் வைத்தார் மாமா. சுவிட்சைப் போடுவதற்குள் சூப்பர்வைசரிடமிருந்து போன். பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அந்த நேரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. "கரன்ட் சாமானுக்குள்ள தண்ணி வெக்கலாமா?" என்று அம்மா அடித்தட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். அம்மா திரும்பியதும் நான் கோழியை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன். கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் வேகுமே! பிறகு அம்மா சுவிட்சைப் போட்டுவிட்டு அரிசி களையப் போனாள்.

முதலில் புகை வந்தது. பிறகு கண்ணாடிக்குள் மஞ்சளாக நெருப்பு. நான் கத்தினேன். அம்மா ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்து, மறு கையால் ஓவன் கதவைப் பிடித்தாள்.

"தொறக்காத! கைய எடுடீ!"

மாமாவின் குரல் என்று நம்பவே முடியவில்லை. பாய்ந்து வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். செம்பு உருண்டது. எட்டி மெயின் சுவிட்சை அணைத்தார். "மூடியே இருக்கட்டும்க்கா. தொறந்தா மூஞ்சிலயே அடிக்கும். உள்ளயே அவிஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் இருவரையும் சமையலறை வாசலோரம் நிறுத்தி, எங்களுக்கு முன்னால் நின்றார். நெருப்பு கண்ணாடியை நக்கியது, குறுகியது, போய்விட்டது.

வெகுநேரம் கழித்துத்தான் ஓவன் கதவைத் திறந்தார். தட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தார். என்னைப் பார்த்தார். துணி எடுக்கத் திரும்பினார். அவருக்குத் தெரியவில்லை என்று நிம்மதியானேன். கருகிய தோலை உரித்து, ஓவனைத் துடைத்து, தண்ணீரும் ஊற்றி, கோழியை நடுத் தட்டில் வைத்து மறுபடி சுட்டார். எலும்போரம் கீறி, சிவப்பு இல்லை என்று பார்த்த பிறகே எனக்குத் தட்டில் போட்டு, "முன்னால போய்த் துன்னு பாப்பா" என்று அனுப்பினார்.

தின்றுகொண்டிருந்தபோது சமையலறையில் தாழ்ந்த பேச்சுக் கேட்டது. எட்டிப்பார்த்தேன். மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

அந்த வருடம் வேலையிடத்தில், பெயின்ட் காயவைக்கும் பெரிய ஓவனுக்குள் தீப்பிடித்தது தெரியாமல் அதன் கதவைத் திறந்து முகத்தில் நெருப்பு வாங்கிய ஒருவரின் பக்கத்தில் மாமா நின்றிருந்தார் என்பதையும், கத்தத் தனக்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது என்று எண்ணி எண்ணியே அவர் தூக்கம் இழந்திருந்தார் என்பதையும், அதை முதன்முதலாக அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார் என்பதையும் அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகு.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா அம்மாவை 'டீ' போட்டுத் திட்டிவிட்டார், அம்மா அழுகிறாள் என்பதுதான். எண்ணெய்க் கையோடு உள்ளே போய், "அம்மாகிட்ட சாரி கேளு மாமா" என்றேன்.

மாமா தலை நிமிராமல், "சாரிக்கா" என்றார்.

அம்மா இன்னும் பலமாக அழுதாள். அவரை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒரு சண்டையைத் தீர்த்துவைத்த பெருமையோடு நான் இருவருக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, மிச்சக் கோழியைத் தின்று முடித்தேன்.