என் நாயைக் கொண்டுபோன சவரிநாதன்

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, ஞாயிறு, காலை ஏழேகால் மணி. முதல் பூசை முடிந்து கோயில் வாசலில் நாங்கள் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். சவரிநாதனின் மைத்துனர் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார். அதிலேயே தெரிந்துவிட்டது. "போயிட்டார்ப்பா" என்றார். டைபாய்டு. மற்ற நால்வரும் சிலுவை அடையாளம் போட்டார்கள். எனக்கு முதலில் வந்த கேள்வி, என் நாய் இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். பதிலும் தெரியும். அவர் கட்டிலுக்கு அடியில்.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆகவே அவர் அடக்கமானவர், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் எழுதி உங்களைச் சிரிக்கவைக்கப் போவதில்லை. மின்சார இலாகாவில் டிரான்ஸ்பார்மர் உறுமலுக்கு மேலே கேட்கும் ஒரே குரல் அவருடையது. கோயில் பாடற்குழுவிலும் அப்படியே. என்னோடு அதே இலாகாத் தேர்வை எழுதி எனக்கு முன்னால் சூப்பர்வைசர் ஆனார். ஆன செய்தியை என்னிடமே பலமுறை சொன்னார். என் மனைவி ரோசலின் வைக்கும் குழம்பை நான் சாப்பிட்டால் தட்டு காலியாகும், அவ்வளவுதான். அவர் சாப்பிட்டால் அதன் ருசி எங்கள் காக்ஸ் டவுன் பேட்டை முழுக்கத் தெரியும். எனக்கு அவர்மேல் பொறாமை. மண் போட்டுவிட்டு வந்த பிறகும் அது போகவில்லை.

டைனமோ எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு கைக்குள் அடங்கும் குட்டி. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீட்டிலிருந்து வாங்கி வந்தேன். நாற்காலிக் கால், நான் படம் வரையும் டி-ஸ்கொயர், ரோசலினின் ஜெபப்புத்தகத் தோல் அட்டை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நான் முறைப்படிதான் இறங்கினேன். நாற்காலிக்கு வேப்பெண்ணெய் பூசினேன். தும்மிவிட்டு மேசைக்குப் போயிற்று. மேசைக்குக் கசக்கிற கொய்னா மருந்தைக் கரைத்துத் தடவினேன், கதவுக்குப் போயிற்று. கடைசியில் மரக்கால்கள் எல்லாவற்றுக்கும், ஒயரில் சுற்றுகிற கறுப்பு டேப்பைச் சுற்றினேன். அந்த டேப் அதற்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அன்று மாலை சவரிநாதன் வந்தார். உள்ளே நுழைந்ததுமே சிரிப்பு.

"ஏம்ப்பா இன்ஜினியர், நாய் வளர்க்கிறியா, நாற்காலிக்கு ஒயரிங் பண்றியா?"

ரோசலினும் சேர்ந்து சிரித்தாள். எனக்குப் பற்றி எரிந்தது.

"எல்லாத்துக்கும் இன்சுலேஷன் போட்டிருக்கே. எர்த் எங்கே?"

"நாய்க்கு எர்த்தா, சவரிண்ணா?" என்றேன்.

"பின்னே? ஈறு அரிக்குது, அது கடிச்சே ஆகணும். போறதுக்கு ஒரு வழி விடாம சுத்தி அடைச்சா எங்கேயாவது பிச்சுக்கிட்டுத்தான் வரும்."

கசியும் மின்சாரம் மண்ணில் இறங்க எர்த் கம்பி போடாத வீட்டுக்கு இணைப்புத் தரமாட்டேன் என்று தினமும் சண்டை பிடிக்கிறவன் நான். எனக்குத் தோன்றாதது இந்த மனிதருக்குத் தோன்றிவிட்டது. அவரிடம் மேற்கொண்டு கேட்க மனமில்லாமல், மறுநாள் நானாகவே என் பழைய பூட்ஸ் ஒன்றைக் குட்டிக்குக் கடிக்கக் கொடுத்தேன். அந்த வாரமே புதுப் பூட்ஸைக் குதறி வைத்தது.

"பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் உன் சம்பளத்துக்குத் தெரியும். அதுக்கு எப்படிய்யா தெரியும்?" என்றார் சவரிநாதன்.

பிறகு அவரே கையில் எடுத்துக்கொண்டார். அல்சூர் கறிக்கடையிலிருந்து வேகவைக்காத கால் எலும்பு வந்தது. கனமான கயிற்றில் முடிச்சுகள் போட்டு நனைத்து, தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் வைத்தார்; அந்தக் குளிர்ச்சி ஈறுக்கு இதமாம். குட்டி எதையாவது கவ்விக்கொண்டு ஓடினால் நான் துரத்துவேன். அதற்கு அது விளையாட்டு. அவர் அசையமாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எலும்பை நீட்டுவார். வாயிலிருப்பதைப் போட்டதும் கொடுப்பார். "பிடுங்காதே, மாத்திக்கோ" என்பார். தரையில் கிடப்பதெல்லாம் தனக்கென்றுதான் அது நினைக்கும், நீ எடுத்து வை என்று ரோசலினிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். ஒரு மாதத்தில் வீடு அடங்கிற்று.

நாயும் போயிற்று. நான் வேலைவிட்டு வந்தால் வாலை இரண்டு ஆட்டு ஆட்டும். தெருமுனையில் அவர் சைக்கிள் மணி கேட்டால் உடம்பு முழுக்க ஆடும். பின்னாலேயே ஓடி அடுத்த தெருவில் அவர் வீட்டிலேயே படுத்துக்கொள்ளும். தோல்வார் வாங்கிக் கட்டிப்போட்டேன்.

"கட்டினா உன் வீட்டுல இருக்கும். உன்கிட்டே இருக்குமா? ஹோக்லி பிடு" என்று கன்னடத்தில் முடித்தார். போகட்டும் விடு என்று எதையும் விட்டுவிட அவரால் முடியும். போனது அவருடைய நாய் இல்லையே.

அவர் காய்ச்சலில் விழுந்த பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. கட்டிலுக்கு அடியில் டைனமோ. கூப்பிட்டேன், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பொறாமையா?" என்றார் சவரிநாதன். "நாய் மேலயா, என் மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர் மனைவி பிலோமினா அக்கா ஓடிவந்து என்னை வெளியே அனுப்பினார். அதுதான் கடைசி.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் தோல்வாரை எடுத்துக்கொண்டு போனேன். அவர்தான் இல்லையே, இனி நாய் என்னுடையது. வாசலில் மைத்துனர் கத்திக்கொண்டிருந்தார். சவரிநாதனின் பூட்ஸை அக்கா பாலீஷ் போட்டுக் கதவோரம் அவர் கழற்றும் இடத்திலேயே வைத்திருந்தார். அதில் ஒன்று டைனமோவின் வாயில் இருந்தது. வளர்ந்த நாய், எத்தனையோ மாதமாக எதையும் தொடாத நாய்.

"நல்ல சமயத்துல வந்தேப்பா. இந்தச் சனியனை இன்னைக்கே இழுத்துட்டுப் போ. இல்லேன்னா நான் அடிச்சு விரட்டிடுவேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "பூட்ஸும் எனக்கு வேணும் தம்பி. அதுவும் வேணும். அதுவும் போயிட்டா வீட்டுல சத்தமே இருக்காது."

நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. கழுத்தில் வாரை மாட்டினால் போதும். மைத்துனரே பிடித்துக் கொடுத்திருப்பார். அக்காவும் தடுத்திருக்க மாட்டார். குனிந்தேன். நாய் பூட்ஸை இறுக்கிக்கொண்டது. பிடுங்கினால் கிழியும். நீட்டுவதற்கு என் கையில் வேறு எதுவும் இல்லை. தோல்வாரைத்தான் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தது. பிறகு பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு வாரைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. பூட்ஸின் எச்சிலைத் துடைத்து அக்காவிடம் கொடுத்தேன். குதிகாலில் மட்டும் பல் பட்டிருந்தது.

"இருக்கட்டும்க்கா" என்றேன். அதைச் சொல்ல நான் பட்ட பாடு சவரிநாதனுக்குத் தெரிந்திருந்தால் இன்னொரு தடவை சிரித்திருப்பார்.

அவர் பாட்டு எனக்கு வராது, வாயும் வராது. அவர் கைப்பக்குவம் ஒன்றுதான் என்னிடம் மீதி. இரவலாகத்தான் வைத்திருக்கிறேன், அதிலும் எனக்கு எரிச்சல்தான். இனி செய்யவேண்டியவை:

1. நாளை வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக் கதவோரம் தோள் உயரத்தில் ஒரு பலகை அடிப்பது. பூட்ஸ் அங்கேயே இருக்கலாம், தரையில் வேண்டாம்.
2. தோலுக்குத் தோலைக் கொடுத்தது தப்பு. எலும்பு கொண்டுபோய் வாரை மாற்றி வாங்குவது.
3. மைத்துனரை உட்காரவைத்து, கத்தாமல் எலும்பை நீட்டக் கற்றுக்கொடுப்பது.
4. தினமும் மாலை டைனமோவை உலாத்தக் கூட்டிப்போய், திரும்ப அக்கா வீட்டிலேயே விடுவது.
5. என்றாவது அது தானாக என் பின்னால் வந்தால், திருப்பி அனுப்பமாட்டேன். சவரிநாதனே வந்து கேட்டாலும்.