கோட்டுக்கு முன்னால் நின்றவர்

விசிலோடு சூப்பர்வைசர் இருந்தார். கேண்டீன் அக்கா இருந்தார். பரிசுக் கிடா இருந்தது. முடிவுக் கோட்டில் ரிப்பன் பிடித்தபடி நான் இருந்தேன். கப்பலூரில் எங்கள் பட்டறையின் பொங்கல் ஓட்டப்பந்தயம்.

எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தவர் லேத் ஓட்டும் நரைமீசைக்காரர். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகும் வியாதி அவருக்கு. துடிப்பைக் காட்டும் வாட்சைப் பேசும்போதும் தடவிக்கொண்டே இருப்பார். கோட்டுக்கு நாலு எட்டு முன்னால் அது கீச்சிட்டது. நின்றுவிட்டார்.

"அண்ணே, வாங்கண்ணே! கிடா போகுது!" என்று கத்தினேன்.

"துடிப்பு நூத்திமுப்பதத் தாண்டுனா நிக்கணும்னாரு டாக்டரு. கிடாவுக்காக மாத்திச் சொல்லுவாரா மாப்ள?"

மற்றவர்கள் அவரைத் தாண்டி ஓடினார்கள்.

"அம்புட்டுத் தூரம் ஓடிட்டு இங்கயா நிப்பாக!" அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் வாட்சையே பார்த்து நின்றார். என்னால் அப்படி நின்றிருக்க முடியாது. துடிப்பு இறங்கியதும் கடைசி ஆளாக நடந்து வந்தார். ரிப்பனை அவருக்காக மறுபடி பிடித்தேன். வாட்சை எட்டிப் பார்த்தேன்.

தொண்ணூற்றாறு.