ஒருசந்தி என்று சொல்லிவிட்டேன்

மாதாவை நம்பும் சகோதர சகோதரிகளே, என் பட்டினியை அவள் யாரை அனுப்பித் தீர்த்தாள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

1982-ஆம் வருடத் தவக்காலம். என் கணவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. காரைக்காலில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவித்துக் காயவைத்து வயிற்றைக் கழுவினேன். காய்ச்சலில் படுத்து எழுந்து போனபோது என் இடத்தில் வேறு ஆள் நின்றாள். "அப்புறமா பார்க்கலாம்" என்றார் மேஸ்திரி.

ஊரில் அரிசிக்குப் பஞ்சமே இல்லை. லாரி லாரியாக மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. அவித்த நெல்லின் வாசனை என் வீடுவரை வரும். வரும்போதெல்லாம் அழுகை முட்டும். கையில் கூலி இல்லாதவளுக்கு ஊர் நிறைய அரிசி இருந்து என்ன?

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். "ஒருசந்தியா லூர்து?" என்று ஒருவர் கேட்டார். ஒருவேளை மட்டும் உண்டு இருக்கும் நோன்பில்லை, வெறும் பட்டினி என்று சொல்லக் கூச்சம். ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், என் பக்தி கோவில் முழுக்கப் பரவிவிட்டது. "உன்னை மாதிரி யாரால இருக்க முடியும்!" என்று மெச்சினார்கள். ஒரு வாய் கஞ்சி யாரும் நீட்டவில்லை. ஒருசந்திக்காரிக்கு யார் நீட்டுவார்கள்? அத்தனை பேர் நடுவே அப்படியொரு தனிமை.

வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு முன்னால் அழுதேன். "தாயே, வாய்விட்டுக் கேக்க வெக்கமா இருக்கு. நீயே யாருக்காவது தெரியப்படுத்து." கோவிலிலிருந்து யாராவது வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பொழுது சாய்ந்தபின் கொல்லைப்பக்கம் ஜைனம்பு ராத்தா வந்து நின்றார். அடுத்த வீட்டு முஸ்லிம் அம்மா. கல்யாண வீடுகளுக்கு இடியாப்பம் அவித்துக் கொடுப்பவர். அதுவரை எங்களுக்குள் வேலிப் பேச்சோடு சரி.

"என்ன புள்ள, சாப்பிடலையா?"

"ஒருசந்தி ராத்தா."

"நாங்களும் நோன்பு வைக்கிறவங்கதான். பொழுது சாஞ்சா தொறந்துடுவோம். உன் அடுப்பு சாயங்காலமும் எரியலையே?"

உடைந்து அழுதேன். சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்த கஞ்சியை எடுத்து வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மறுவாரம் இடியாப்பம் பிழிய என்னையும் அழைத்துப் போனார். இன்றுவரை அதுதான் என் பிழைப்பு.

இப்போதும் தனியாள்தான். ஆனால் தவக்காலத்தில் யாராவது கடும் ஒருசந்தி என்று பேர் எடுத்தால், சாயங்காலம் கஞ்சியோடு போய் அவர்கள் அடுப்பைப் பார்த்துவிடுவேன். சில வீடுகளில் திட்டு விழும். விழட்டும். போன வருடம் ஒருத்தியின் அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. "ஒருசந்தி அக்கா" என்றாள். நான் எதிரில் உட்கார்ந்துகொண்டேன்.

பசியோடு இருப்பவர்களே, மாதாவிடம் கேளுங்கள். நிச்சயம் அனுப்புவாள். வருவது யாராக இருந்தாலும் கதவைத் திறந்துவிடுங்கள்.